‘வேஃப்’ என்றால் அநாதையா, தெருக்குழந்தையா, வேறு ஏதாவதா?

தேன்சிட்டு:

வணக்கம். 19ஆம் நூற்றாண்டு லண்டன் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். டபிள்யூ, ஏ, ஐ, எஃப் என்று நான்கே எழுத்துள்ள ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அகராதியைப் பார்த்து ‘அநாதை’ என்று போட்டுக்கொண்டே வந்தேன். மூன்று இடங்களில் அது உட்காரவில்லை.

ஓரிடத்தில் அந்தச் சிறுமிக்குத் தாய் உயிரோடு இருக்கிறாள். குடித்துவிட்டு எங்கோ கிடக்கிறாள். பிள்ளை பாலத்தடியில் தூங்குகிறது. தாய் இருக்கும் பிள்ளையை அநாதை என்று எழுதலாமா? இரண்டாவது இடம் ஒரு பண்ணைப் பிரபுவின் பழைய உரிமைப் பட்டியல். அங்கே அதே சொல் ஒரு துணி மூட்டையைக் குறிக்கிறது. பக்கத்திலேயே ‘ஸ்ட்ரே’ என்று ஒரு குதிரையும் வருகிறது. மூன்றாவது இடம் பதிப்பாசிரியரின் முன்னுரை. இந்தக் காலத்து ஆடை விளம்பர மாடல் ஒருவரை இதே சொல்லால் சொல்கிறார்.

மூன்றுக்கும் அடியில் ஓடும் பொருள் என்ன? ‘ஆர்ஃபன்’, ‘அர்ச்சின்’ போன்ற பக்கத்துச் சொற்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? இன்றைய கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா? உச்சரிப்பையும் உறுதிசெய்து சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஓலைச்சுவடி:

முதலில் உச்சரிப்பு. ‘வேஃப்’, ஒரே அசை. ‘சேஃப்’ என்பதோடு எதுகை சேரும். நடுவில் உள்ள ஏ-ஐ எழுத்துகளைப் பார்த்து ‘வைஃப்’ என்று படித்துவிடுபவர்கள் நிறைய. அது மனைவி ஆகிவிடும். பன்மையிலும் அதே குழப்பம்தான். மனைவி என்ற சொல்லின் பன்மையில் எஃப் போய் வி வரும். இதில் வராது, ‘வேஃப்ஸ்’ என்பதே சரி. இணையத்தில் புழங்கும் ‘வைஃபு’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. அது ஆங்கில ‘வைஃப்’ ஜப்பானியர் வாயில் மாறியது.

இனி பொருள். உங்களைக் குழப்பிய அந்தத் துணி மூட்டைதான் இதற்குச் சாவி. இந்தச் சொல் குழந்தையிடத்தில் பிறந்ததல்ல, சட்டத்தில் பிறந்தது. நார்மானியப் பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்குள் வந்தபோது இதன் பொருள் ‘கண்டெடுத்த, உரியவர் யாரென்று தெரியாத பொருள்’. குறிப்பாக, திருடன் துரத்தப்படும்போது பிடிபடுவோமோ என்று அஞ்சி வழியில் வீசிவிட்டுப் போகும் திருட்டுப் பொருளுக்கு ‘வேஃப்’ என்று பெயர். அது அரசனுக்குச் சேரும். அரசன் அந்த உரிமையை ஒரு பிரபுவுக்கு வழங்கியிருந்தால் பிரபுவுக்குச் சேரும். உங்கள் பட்டியலில் இருப்பது அந்த உரிமைதான்.

பொருளைப் பறிகொடுத்தவருக்குத் திருப்பித் தராமல் அரசனுக்கு ஏன் தர வேண்டும்? 18ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்: திருடனை உரியவன் தானே துரத்திப் பிடிக்க முயலவில்லையே, அதற்கு இது தண்டனை. உடனே துரத்தியவனுக்கும், பிறகு வழக்காடித் திருடனுக்குத் தண்டனை வாங்கித் தந்தவனுக்கும் பொருள் திரும்பக் கிடைக்கும். திருடன் ஓட்டத்தில் வீசாமல் எங்காவது ஒளித்துவைத்தது ‘வேஃப்’ ஆகாது. ஆக, ‘ஒருவர் கைவிட்டார், இன்னொருவர் தேடி வரவில்லை’ என்ற இரண்டும் சேர்ந்தால்தான் இந்தச் சொல்.

‘ஸ்ட்ரே’ என்பது வேறு. கட்டவிழ்ந்து அலைந்து, யாருடையதென்று தெரியாமல் பண்ணைக்குள் வந்துவிட்ட கால்நடை அது. தேவாலயத்திலும் அருகிலுள்ள இரண்டு சந்தை ஊர்களிலும் அறிவிக்க வேண்டும். ஓர் ஆண்டும் ஒரு நாளும் காத்திருந்து, உரியவர் வராவிட்டால் பிரபுவுக்குச் சேரும். ஈழத் தமிழில் ‘கட்டாக்காலி’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது, இதற்கு அப்படியே பொருந்தும். வேஃப் வீசப்பட்டது, ஸ்ட்ரே தானே அலைந்து வந்தது. இரண்டையும் ‘வழிதவறியவை’ என்று ஒரே சொல்லில் அடைத்தால் அந்தப் பட்டியலின் சட்டப் பொருள் போய்விடும்.

பொருளுக்கும் விலங்குக்கும் வழங்கிய இந்த இணை, பிறகு மனிதருக்கு நகர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் ‘வேஃப்’ என்றாலே கைவிடப்பட்ட குழந்தை என்பதுதான் முதலில் மனத்தில் எழும் பொருள். 1881-இல் எட்வர்ட் ருடால்ஃப் என்பவர் இங்கிலாந்துத் திருச்சபையின் சார்பில் தொடங்கிய அமைப்பின் பெயரிலேயே ‘வேஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸ்’ என்று இருந்தது. 1946-இல்தான் பெயரை மாற்றிக் ‘குழந்தைகள் சங்கம்’ என்று வைத்தார்கள். பொருள்கள் மீதான உரிமைச் சொல்லைக் குழந்தைகள் மேல் ஒட்டிவைத்திருந்தோம் என்பது அவர்களுக்கே உறுத்தியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது தமிழ். ‘கேட்பாரற்ற’ என்ற நம் சொல்லை நினைத்துப் பாருங்கள். ‘கேட்பாரற்றுக் கிடந்த பை’, ‘கேட்பாரற்று நின்ற வாகனம்’ என்று நாளிதழ்களில் தினமும் படிக்கிறோம். ‘கேட்பாரற்ற பிள்ளை’ என்றும் சொல்கிறோம். பொருளுக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல். ‘எனக்குரியது’ என்று கேட்டு வருபவரும் இல்லை, ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்பவரும் இல்லை. ஆங்கிலச் சொல் நூற்றாண்டுகள் நடந்து வந்த வழியைத் தமிழ்ச் சொல் ஒரே வினையில் வைத்திருக்கிறது. உங்கள் பாலத்தடிச் சிறுமிக்குத் தாய் இருந்தாலும் அவள் கேட்பாரற்ற பிள்ளைதான்.

---

கூர்முனை:

ஓலைச்சுவடி வேரைச் சொல்லிவிட்டார். நான் பக்கத்துச் சொற்களுக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டு நூல் என்றால் இவை எல்லாமே உங்கள் கையில் வந்து விழும். எல்லாவற்றையும் ‘தெருச்சிறுவன்’ என்று மொழிபெயர்த்தால் மூலத்தில் இருக்கும் பார்வை வேறுபாடு அழிந்துபோகும்.

‘ஆர்ஃபன்’ பெற்றோரின் இறப்பைப் பற்றியது. பாட்டி வீட்டில் நன்றாக வளரும் பிள்ளையும் ஆர்ஃபன்தான். தாய் தந்தை இருவரும் உயிரோடிருந்து தெருவில் கிடக்கும் பிள்ளை ஆர்ஃபன் ஆகாது, வேஃப் ஆகலாம். ‘ஃபவுண்ட்லிங்’ என்பது பெற்றவர் விட்டுச்சென்று, பிறர் கண்டெடுத்த பச்சிளங் குழந்தை. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது பொருந்தாது. இதில் ஒரு பொறி உண்டு. லண்டனில் தாமஸ் கோரம் முயற்சியில் 1739-இல் அரச சாசனம் பெற்று 1741-இல் குழந்தைகளைச் சேர்க்கத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ‘ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல்’. அங்கே ‘ஹாஸ்பிடல்’ என்றால் மருத்துவமனை அல்ல, புகலிடம். ‘கண்டெடுத்த குழந்தைகள் இல்லம்’ என்று எழுதுங்கள். அங்கே தாய்மார் பிள்ளையை விடும்போது ஒரு துணித்துண்டோ நாணயமோ அடையாளமாக வைத்துவிட்டுப் போவார்கள், என்றாவது வந்து மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில். அந்தப் பிள்ளைக்குக் கேட்பார் வரக்கூடும் என்ற ஒரு நூலிழை இருக்கிறது. வேஃப் என்ற சொல்லில் அந்த நூலிழையும் இல்லை.

‘அர்ச்சின்’ வேறு குணம். அதன் வேர் முள்ளெலி. லத்தீனில் முள்ளெலியைக் குறித்த ‘எரிக்கியுஸ்’ பிரெஞ்சு வழியாக வந்து ஆங்கிலத்தில் அர்ச்சின் ஆயிற்று. முள்ளெலியிலிருந்து குறும்புக் குட்டிப் பேய்க்கும், அங்கிருந்து குறும்புக்காரச் சிறுவனுக்கும் தாவியது. பழைய பொருள் இன்றும் ‘ஸீ அர்ச்சின்’ என்ற கடல் முள்ளெலியில் உயிரோடிருக்கிறது. எனவே அர்ச்சின் என்றால் கலைந்த தலை, கிழிந்த சட்டை, துடுக்கு வாய். பெரும்பாலும் பையன். வீடே இல்லாதவனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தெருவில் திரிந்தால் போதும். ‘தெருப்பொடியன்’, ‘தெருவாண்டு’ என்பவை நெருங்கி வரும். ஒரே பிள்ளையை ஓர் எழுத்தாளர் வேஃப் என்றால் வாசகரின் இரக்கத்தைக் கேட்கிறார் என்று பொருள். அர்ச்சின் என்றால் அந்தப் பிள்ளையின் துடிப்பைக் காட்டுகிறார், சில சமயம் எச்சரிக்கிறார். மூலத்தில் எது வந்திருக்கிறது என்பதைப் பார்த்து உங்கள் வாக்கியத்தின் தொனியையே மாற்ற வேண்டும்.

‘கட்டர்ஸ்னைப்’ வசைச்சொல். ஸ்னைப் என்பது சேற்றைக் கொத்தும் உள்ளான் பறவை, கட்டர் என்பது தெருவோர வாய்க்கால். வாய்க்காலில் கந்தலும் காகிதமும் பொறுக்குபவரைக் குறித்து, பிறகு தரக்குறைவான ஆள் என்ற ஏச்சாக மாறியது. பெரியவர்களையும் அப்படி ஏசுவார்கள். தமிழில் ‘பொறுக்கி’ நடந்து வந்த பாதையும் இதுவேதான். அதனால் உரையாடலில் வந்தால் ‘தெருப்பொறுக்கி’ என்றே போடலாம்.

‘ராகமஃபின்’ கந்தலும் அழுக்குமாக இருக்கும் பிள்ளை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஆங்கிலக் கவிதையில் இது ஒரு பேயின் பெயர். இன்று செல்லமாகத் தன் பிள்ளையையே அப்படி அழைப்பவர்கள் உண்டு.

‘மட்லார்க்’ வந்தால் காலத்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் தேம்ஸ் ஆற்றில் நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி, நிலக்கரித் துண்டு, கயிறு, செப்பு ஆணி பொறுக்கி விற்றுப் பிழைத்த ஏழைகள், அவர்களில் ஏராளமான சிறுவர்கள். இன்றைய கட்டுரையில் அதே சொல் அனுமதிச் சீட்டோடு பழம்பொருள் தேடும் பொழுதுபோக்காளரைக் குறிக்கும்.

‘ஸ்ட்ரீட் அராப்’ என்று வந்தால் நிதானமாக இருங்கள். 19ஆம் நூற்றாண்டில் மிகச் சாதாரணமாக எழுதினார்கள். 1890-இல் வெளியான ஜேக்கப் ரீஸின் நியூயார்க் சேரிகள் பற்றிய நூலில் ஓர் அத்தியாயத் தலைப்பே அதுதான். ஒரு இனத்தவரை நிலையின்றி அலைபவர்கள் என்று கருதிய இழிவுப் பார்வை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘தெரு அரபு’ என்று சொல்லுக்குச் சொல் போட்டால், தமிழ் வாசகர் அந்தப் பிள்ளை அரபு நாட்டிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்வார். ‘நாடோடித் தெருச்சிறுவன்’ என்று எழுதி, மூலச்சொல்லின் இழிவை அடிக்குறிப்பில் ஒருமுறை சொல்லிவிடுவது நேர்மையான வழி.

பிரெஞ்சிலிருந்து வந்த ‘காமின்’ தெருச்சிறுவன். அதன் பெண்பாலான ‘காமீன்’ இப்போது தெருவை விட்டுப் போய்விட்டது. குட்டை முடியும் குறும்புப் பார்வையுமாக, பையன் சாயலில் இருக்கும் இளம்பெண்ணின் அழகைக் குறிக்கிறது.

---

பனித்துளி:

ஓலைச்சுவடியின் ‘கேட்பாரற்ற’ பிடித்திருக்கிறது. ஆனால் ‘அநாதை’யை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடுவதை நான் ஏற்கவில்லை. அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நாதன் இல்லாதவர், அதாவது காப்பவர் இல்லாதவர். தாய் தந்தை இறந்தார்கள் என்ற செய்தியே அதில் இல்லை. வேர்ப்பொருளைப் பார்த்தால் அநாதைதான் வேஃபுக்கு நேர். ‘அநாதைப் பிணம்’ என்று சொல்கிறோம். அந்த மனிதரின் பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்பதா அங்கே பொருள்? உரிமை கோர ஆளில்லை என்பதுதானே? ‘நாதியற்ற’ என்பதும் அப்படித்தான்.

---

ஓலைச்சுவடி:

‘அநாதைப் பிணம்’ நல்ல சான்று, ஒப்புக்கொள்கிறேன். நான் அதை யோசிக்கவில்லை. உயிரற்றவற்றோடு சேரும்போது அநாதை இன்றும் ‘உரியவரற்ற’ என்ற பழைய பொருளில்தான் நிற்கிறது. குழந்தையோடு சேரும்போதுதான் சிக்கல். ‘அநாதைக் குழந்தை’ என்று படித்தவுடன் தாயும் தந்தையும் இல்லை என்றே வாசகர் முடிவு கட்டுகிறார். பத்து வரி தள்ளித் தாய் உள்ளே வந்தால், முந்தைய வரி பிழை என்று நினைப்பார். தேன்சிட்டின் சிறுமிக்கு நேர்வது அதுதான். பாத்திரம் பேசும் இடத்தில், ‘அநாதை மாதிரிக் கிடக்குது’ என்று ஒரு பெண் இரங்கிச் சொல்வதுபோல் வந்தால், தாராளமாக வைக்கலாம். ஆசிரியர் தன் குரலில் விவரிக்கும் இடத்தில் வைக்க வேண்டாம்.

‘நாதியற்ற’ பற்றியும் ஒன்று. அதில் இரக்கமும் இருக்கிறது, ஏளனமும் இருக்கிறது. சொல்பவர் யார் என்பதைப் பொறுத்து மாறும். குழந்தையைப் பற்றிய விவரணையில் அந்த இரண்டாவது நிழல் வேண்டாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு சொல்லையும் எடைபோடலாம்: ‘திக்கற்ற’. தமிழ் விவிலியத்தில் ‘திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும்’ என்று வரும். திருச்சபை நடத்திய சங்கத்தின் பெயரை மொழிபெயர்க்கும்போது அந்த ஒலி இயல்பாகப் பொருந்தும். ஆனால் விவிலியத்தில் அது தந்தையை இழந்தவர்களைக் குறிக்கும் சொல்லுக்கு ஈடாக வருவது. அதனால் சங்கத்தின் பெயருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் தவிர்ப்பேன்.

---

தேன்சிட்டு:

மிக்க நன்றி. மூட்டையும் குதிரையும் தெளிவாகிவிட்டன. முன்னுரையில் வரும் மாடல் இன்னும் தெளியவில்லை. அதே முன்னுரையில், ஒரு முதிய பெண்மணி ‘வேஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸ்’ எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைப்பார் என்றும் இருக்கிறது. அவருடைய விருந்தினர்கள் பல்கலைக்கழக ஆசிரியர்கள்!

---

கூர்முனை:

இரண்டும் பிற்காலக் கிளைகள்.

விருந்து வாக்கியத்தில் வருவது பிரித்தானியப் பேச்சுவழக்கு. பண்டிகைக்கோ விடுமுறைக்கோ போக்கிடம் இல்லாதவர்கள், ஊருக்குப் புதியவர்கள், தனித்திருப்பவர்கள், வாலாட்டிக்கொண்டு வந்து சேர்ந்த நாய் பூனைகள்வரை எல்லாரையும் அன்போடு சேர்த்துச் சொல்வது. ‘போக்கிடமில்லாதவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்’ என்று எழுதினால் போதும். அங்கே ‘கேட்பாரற்ற’ கனமாகிவிடும். சொல் எப்போதும் இணையாகத்தான் வரும், வரிசையும் மாறாது. ஸ்ட்ரேஸ் முன்னால் வராது.

மாடல் விஷயம் தோற்றம் சார்ந்தது. கேட்பாரற்ற பிள்ளை எப்படி இருக்கும்? மெலிந்து, வெளிறி, கண்கள் பெரிதாகத் தெரிய. அந்தத் தோற்றம் மட்டும் தனியே கழன்று, ‘மெலிந்து நொய்ந்த இளம்பெண்’ என்ற பொருளைத் தந்தது. வீடு இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘வேஃபிஷ்’, ‘வேஃப்லைக்’ என்ற பெயரடைகள் இந்தப் பொருளில்தான் மிகுதி. 1990களின் தொடக்கத்தில் கேட் மாஸ் போன்ற மாடல்களை ஒட்டி ஃபேஷன் இதழ்கள் இதை ஒரு பாணியின் பெயராகவே ஆக்கின. அதன் தொடர்ச்சியாக, போதைப்பழக்கத்தில் வாடியவரைப் போன்ற தோற்றத்தை அழகாகக் காட்டிய படங்கள் வந்தன. 1997-இல் அமெரிக்க அதிபர் கிளின்டனே அவற்றை வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரு பிள்ளையின் பட்டினி உடலைக் குறித்த சொல் உடை விற்கும் சொல்லாகியது. எனக்கு இது இன்றும் வலிக்கிறது. உங்கள் பதிப்பாசிரியர் அந்தச் சொல்லை அங்கே பாராட்டாக வைக்கிறாரா, விமர்சனமாக வைக்கிறாரா என்று முன்னும் பின்னும் இரண்டு பத்திகள் படித்துப் பாருங்கள். பாராட்டு என்றால் ‘கொடிபோல் மெலிந்த’, விமர்சனம் என்றால் ‘பசியில் வாடிய பிள்ளையைப் போன்ற’.

காமீனையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டும் மெல்லிய உடல்தான். காமீன் சிரிக்கும், வேஃப் வெறித்துப் பார்க்கும்.

---

வெண்சங்கு:

தேன்சிட்டின் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை, இன்றைய கட்டுரையில் பயன்படுத்தலாமா என்பது. குழந்தைகள் பாதுகாப்பு தொடர்பான அறிக்கைகளைத் திருத்தும் வேலையில் இருப்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன்: கூடாது. கதையில், வரலாற்றில், மேற்கோளில் வரலாம். உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றிய செய்தியிலோ அறிக்கையிலோ விண்ணப்பத்திலோ வேஃப், அர்ச்சின் இரண்டும் வரக் கூடாது. முதலாவது பிள்ளையைப் பரிதாபப் பொருளாக்குகிறது, இரண்டாவது தொல்லையாக்குகிறது. இரண்டுமே அந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று சொல்வதில்லை.

இப்போதைய வழக்கு இப்படி வளர்ந்தது. முதலில் ‘ஸ்ட்ரீட் சில்ட்ரன்’. 1980களில் அதை இரண்டாகப் பிரித்தார்கள். பகலில் தெருவில் வேலை செய்து இரவில் குடும்பத்திடம் திரும்புபவர்கள் ‘ஆன் தி ஸ்ட்ரீட்’, தெருவையே வீடாகக் கொண்டவர்கள் ‘ஆஃப் தி ஸ்ட்ரீட்’ (ஒரே எஃப் உள்ள ‘ஆஃப்’, தெருவுக்கே உரியவர்கள் என்ற பொருளில்). நடுவில் இருப்பது ஒரே ஓர் இடைச்சொல் வேறுபாடு. தமிழில் இரண்டையும் ‘தெருக்குழந்தைகள்’ என்று போட்டு எண்ணிக்கையைக் கலந்துவிட்ட மொழிபெயர்ப்புகள் உண்டு. பழைய அறிக்கைகளைத் தமிழாக்கும்போது ‘தெருவில் பிழைக்கும் பிள்ளைகள்’, ‘தெருவில் வசிக்கும் பிள்ளைகள்’ என்று பிரித்தே எழுதுங்கள்.

அந்தப் பிரிவும் நடைமுறையில் நிற்கவில்லை. ஒரே பிள்ளை மழைக்காலத்தில் வீட்டிலும் கோடையில் தெருவிலும் இருக்கும். குடும்பத்தோடு சேர்ந்தே தெருவில் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. 2017-இல் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு தன் 21ஆம் பொதுக் கருத்துரையில் ‘தெருச்சூழலில் உள்ள குழந்தைகள்’ என்ற பொருள்தரும் தொடரைக் கையாண்டது. தெருவை நம்பி வாழ்பவர்கள், வேலை செய்பவர்கள், தனியாகவோ கூட்டாளிகளோடோ குடும்பத்தோடோ இருப்பவர்கள், பொது இடங்களோடு வலுவான பிணைப்பு உள்ளவர்கள் எல்லாரும் அதில் அடங்குவர். தெரு என்பது அந்தப் பிள்ளை இப்போது இருக்கும் சூழல், அதன் அடையாளம் அல்ல என்பதே சொல் மாற்றத்தின் கருத்து.

‘ஹோம்லெஸ் சைல்ட்’ என்பதைத் தெருக்குழந்தை என்று மாற்றிவிடாதீர்கள். தற்காலிக விடுதியில், உறவினர் வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு ஒண்டியிருக்கும் பிள்ளையும் வீடற்ற பிள்ளைதான். அது ஒரு நாள்கூடத் தெருவில் தூங்கியிருக்காது.

போர், இடப்பெயர்வு பற்றிய ஆவணமாக இருந்தால் இன்னும் இரண்டு சொற்கள் வரும். ‘அன்அகம்பனீட்’ என்றால் பெற்றோரும் உறவினரும் உடன் இல்லை, பொறுப்பேற்ற பெரியவர் எவரும் இல்லை. ‘செப்பரேட்டட்’ என்றால் பெற்றோரையோ முன்பு வளர்த்தவரையோ பிரிந்த பிள்ளை. ஆனால் அத்தையோ அண்ணனோ உடன் இருக்கலாம். முதலாவதற்குத் ‘துணையின்றி வந்த’, இரண்டாவதற்குப் ‘பெற்றோரைப் பிரிந்த’. இரண்டையும் ‘ஆதரவற்ற’ என்று எழுதினால், அண்ணனோடு இருக்கும் பிள்ளையைத் தனியே எடுத்துச் சென்றுவிடும் முடிவுக்கு அந்தத் தாள் காரணமாகலாம்.

‘ஆர்ஃபன்’ பற்றிக் கூர்முனை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். யூனிசெஃபின் கணக்கில், பெற்றோரில் ஒருவரை இழந்தாலும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை ஆர்ஃபன்தான். அந்தப் புள்ளிவிவரத்தை ‘அநாதைகள்’ என்று தமிழாக்கினால், தாயோடு வாழும் பிள்ளைகளையும் யாருமற்றவர்களாக்கிவிடுவோம். ‘தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்த பிள்ளைகள்’ என்று நீளமாகவே எழுதுங்கள்.

அடைமொழி தேடுவதைவிட, நான்கு விவரங்களைச் சொல்லிவிடுவது மேல்: இரவில் எங்கே தூங்குகிறது, உடன் யார், பெற்றோர் இருக்கிறார்களா, எவ்வளவு காலமாக இப்படி.

---

பனித்துளி:

வெண்சங்கு சொன்னதைப் படித்ததும் ரஷ்ய மொழிச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் முடிந்த 1920களில் அங்கே லட்சக்கணக்கான பிள்ளைகள் ரயில் நிலையங்களில் திரிந்தார்கள். அவர்களுக்கு வழங்கிய பெயர் ‘பெஸ்பிரிஸோர்னிகி’. ‘பெஸ்’ என்றால் இல்லாத, ‘பிரிஸோர்’ என்றால் கவனிப்பு. கவனிப்பாரற்றவர்கள். தெருவையும் சொல்லவில்லை, பெற்றோர் இறப்பையும் சொல்லவில்லை. ‘கேட்பாரற்ற’ என்பதற்கு அக்காள் முறை. என் ‘அநாதை’ வாதத்தைப் பாதி விட்டுக்கொடுக்கிறேன்.

ஓலைச்சுவடிக்கு ஒரு கேள்வி. திமிங்கில வேட்டை பற்றிய குறிப்பொன்றில் ‘வேஃப்’ என்பது கொடிக்கம்பு என்று படித்தேன். அது எப்படி?

---

ஓலைச்சுவடி:

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். கொன்ற திமிங்கிலத்தை உடனே இழுத்துச் செல்ல முடியாதபோது, அதன் உடலில் கொடி கட்டிய கம்பைச் செருகிவிட்டு அடுத்ததைத் துரத்தப் போவார்கள். ‘இது எங்களுடையது’ என்பதற்கு அடையாளம். பழைய நார்ஸ் மொழியில் காற்றில் அசையும் பொருளைக் குறித்த ‘வெய்ஃப்’ என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். உரியவரற்ற பொருளைக் குறித்த சொல்லும் கடைசியில் அங்கிருந்து கிளைத்ததாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. கரையில் உரிமையின்மை, கடலில் உரிமைக்கொடி. கப்பல் சார்ந்த கட்டுரை வந்தால் குழந்தையைக் கொண்டுபோய்த் திமிங்கிலத்தின் மேல் நிறுத்திவிடாதீர்கள்.

தாவரவியலிலும் வரும். வேற்று நிலத்திலிருந்து வந்து எங்கோ ஓரிடத்தில் முளைத்து, நிலைத்துப் பரவாமல் மறைந்துபோகும் செடியை வேஃப் என்பார்கள்.

‘வேவ்’, ‘வேவர்’ என்ற சட்டச் சொற்கள் உடன்பிறப்புகள், உரிமையைக் கைவிடுதல். கடன் தள்ளுபடிக்கு ஆங்கிலத்தில் வரும் அதே சொல். பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஆணைச் சட்டத்துக்குப் புறம்பானவன் என்று அறிவிப்பார்கள். பெண்ணை அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆண்கள் 12 வயதில் எடுக்கும் விசுவாச உறுதிமொழி அவளுக்கு இல்லாததால், அவள் சட்டத்துக்குள் வந்தவளாகவே கருதப்படவில்லை. அதனால் அவள் ‘கைவிடப்பட்டவள்’ என்று இதே சொல்லால் அறிவிக்கப்பட்டாள். உங்கள் தொகுப்பில் பெரிய பெண் ஒருத்தியை வேஃப் என்று ஒரு நீதிமன்றக் குறிப்பு சொன்னால், அவள் மெலிந்தவள் என்றோ வீடற்றவள் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

தேன்சிட்டு:

பாலத்தடிச் சிறுமியின் வாக்கியத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: “தாய் இருந்தும் கேட்பாரற்றுப் போன அந்தப் பிள்ளை, பாலத்தின் கீழ் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.” கடைசியாக ஒன்று. இன்னொரு இடத்தில் ‘எ வேஃப் ஆஃப் எ கேர்ள்’ என்று இருக்கிறது. ‘ஒரு பெண்ணின் கேட்பாரற்ற பிள்ளை’ என்று கொள்ளலாமா?

---

கூர்முனை:

வாக்கியம் நன்றாக இருக்கிறது. ‘தாய் இருந்தும்’ என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், அடுத்த பத்தியில் தாய் வரும்போது வாசகர் தானே அறியட்டும். மூலத்திலும் அங்கேதானே வருகிறாள்?

இரண்டாவது, அப்படிக் கொள்ளக் கூடாது. அங்கே ஒரே ஆள்தான் இருக்கிறாள். ‘ஆஃப்’ உடைமையைக் காட்டவில்லை. முன்னால் நிற்கும் பெயர்ச்சொல் பின்னால் வருவதற்கு அடைமொழியாக நிற்கிறது. வேஃபைப் போன்ற சிறுமி என்பதே பொருள். அவளுக்கு வீடு இருப்பதாகக் கதை முன்பே சொல்லியிருந்தால் ‘நோஞ்சானாய் ஒரு சின்னப் பெண்’, சொல்லவில்லை என்றால் ‘கேட்பாரற்றவள்போல் வாடிக் கிடந்த சின்னப் பெண்’.